புரவலரும் விருந்தினரும்: லினக்ஸ் கணினியின் மெய்நிகர் இயந்திரத்தில் யூ.எஸ்.பி. கருவிகள் – வன்னியின் ஆவணப் பணியை முன்வைத்து ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

வன்னிப் பெருநிலப்பரப்பிற் பழைய தாள் ஒன்றைக் கையிலெடுப்போர், அதில் எழுதப்பட்டிருப்பது யாதென வினவுமுன், அது எவ்வாறு எஞ்சியது என்றே வினவுகின்றனர். கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரைவரையும், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிற் போர் முடிவுற்றபின் செட்டிகுளத்து முகாம்களுக்கும் என இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, காணி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றிதழையும் பொலித்தீன் பையிற் சுற்றிக் காவிச் சென்றன. காவ இயலாதவை அழிந்தன. பாடசாலை மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், கோயிற் கணக்கேடுகள் என எஞ்சியவை சிலவே. அவற்றைப் படிமங்களாக்கிப் பேணுதல் வரலாற்றாய்வாளரின் தேவை மட்டுமன்று. தன் காணிக்கு உரித்துக் கோரி நிற்கும் குடியானவரின் தேவையுமாகும். 2005 இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இவ்வாறு பேணலாம் என்பதைச் செயலிற் காட்டியுள்ளது.

இத்தகைய பணிக்குக் கிடைக்கும் கருவிகளோ பெரும்பாலும் கைமாறி வந்தவை. எம்மிடம் வந்த கணினி பழையது. அதன் வலுவுக்கு ஏற்றதெனவும் உரிமக் கட்டணம் வேண்டாததெனவும் கருதி அதில் லினக்ஸ் பணிசெயல் முறைமையை நிறுவினோம். அதனோடு வந்த வருடியின் கண்ணாடியும் விளக்கும் பழுதற்றிருந்தன. ஆயினும், அதனை இயக்கும் செலுத்தி மென்பொருளை உற்பத்தி நிறுவனம் விண்டோஸ் 7 வரையே ஆக்கியிருந்தது. லினக்ஸுக்கு ஒருபோதும் ஆக்கவில்லை. நல்ல கணினியும் நல்ல வருடியும் ஒரே மேசையில் ஒன்றையொன்று அறியாது இருந்தன.

இந்நிலையிற் கைக்கொள்ளத்தக்க வழி, லினக்ஸ் கணினிக்குள் மெய்நிகர் இயந்திரம் ஒன்றை அமைத்து, அதில் விண்டோஸை நிறுவி, வருடியை அதனிடம் ஒப்படைப்பதாகும். வழி எளிது போலத் தோன்றினும், முயன்றோர் பலர் 'கருவி தெரியவில்லை', 'தெரிந்தது, மறைந்தது' என்று கைவிட்டுள்ளனர். அவர்கள் எதிர்கொண்ட சிக்கல்களுட் பெரும்பாலானவை ஒரே விதியிலிருந்து பிறப்பவை என்பதே எமது கருத்து. யூ.எஸ்.பி. கருவி ஒன்று ஒரு வேளையில் ஒரு முறைமைக்கே உரியது. ஏற்கெனவே அதனைப் பற்றியிருப்பவர் விட்டுக்கொடுத்தாலன்றி மற்றவர் அதனைப் பெற இயலாது. இவ்விதியை விளக்கி, அதன்வழி நடைமுறையையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. செலுத்தியின் உடைமை

ஒரு கருவியை விலைகொடுத்து வாங்குவோர் அதன் உலோகத்தையும் கண்ணாடியையும் வாங்குகின்றனர். அக்கருவியோடு பேசுவதற்கான மொழி நிறுவனத்தின் உடைமையாகவே இருந்துவிடுகிறது. செலுத்தி என்பது அம்மொழியை அறிந்த மொழிபெயர்ப்பாளர் போன்றது. நிறுவனம் அதனைப் புதுப்பிக்காது கைவிடும்போது, பழுதேதுமற்ற கருவி பயனற்றதாகிவிடுகிறது.

இது புதிய பிரச்சினையன்று. 1980 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திற் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், செரொக்ஸ் அச்சுப்பொறி ஒன்றின் மென்பொருளைத் திருத்த முற்பட்டபோது அதன் மூல நிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. 1983 இல் அவர் அறிவித்த குனூ திட்டத்துக்கும், அதன்வழி வளர்ந்த கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கும் அவ்வநுபவம் ஒரு தூண்டுகோலாயிற்று. 1991 இல் லினஸ் ரோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கேர்ணல் அவ்வியக்கத்தோடு இணைந்து வளர்ந்ததாகும்.

எனவே மெய்நிகர் இயந்திரத்தை நாடுமுன் ஒன்றைச் சோதித்தல் வேண்டும். லினக்ஸில் வருடிகளுக்கெனச் 'சேன்' என்னும் கட்டற்ற மென்பொருட் தொகுதி உண்டு. அச்சுப்பொறிகளுக்குக் 'கப்ஸ்' உண்டு. தன்னார்வலர்கள் பல்லாண்டுகளாக எழுதிய செலுத்திகள் இவற்றில் அடங்கியுள்ளன. நமது கருவி அவற்றின் பட்டியலில் இருப்பின் விருந்தினரை அழைக்க வேண்டிய தேவையே இல்லை. இல்லையெனின் மட்டுமே அடுத்த படி.

3. மெய்நிகர் இயந்திரம்

ஒரு கணினிக்குள் மற்றொரு கணினி இருப்பது போன்ற தோற்றத்தை மென்பொருளால் உருவாக்குதலே மெய்நிகராக்கம் எனப்படும். 1960களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பெருங்கணினிகளில் இது தோன்றியது. 1972 இல் அறிவிக்கப்பட்ட வி.எம்./370 அதன் முதிர்ந்த வடிவமாகும். 1974 இல் பொப்பெக், கோல்ட்பேர்க் ஆகிய இருவரும் இதற்குரிய கோட்பாட்டு நிபந்தனைகளை வகுத்தனர். சாதாரணக் கணினிகளுக்கு இது வந்து சேரக் காலம் சென்றது. 2003 இல் பப்ரிஸ் பெலார் வெளியிட்ட கியூஎமு, 2007 இல் லினக்ஸ் கேர்ணலின் 2.6.20 ஆம் பதிப்பில் இணைக்கப்பட்ட கே.வி.எம்., அதே ஆண்டில் வெளிவந்து இன்று ஒராக்கிள் நிறுவனத்தின் வசமுள்ள வேர்ச்சுவல்பொக்ஸ் ஆகியன லினக்ஸ் பயனாளர் பெரிதும் கையாள்வன.

உண்மையான வன்பொருளில் இயங்கும் முறைமையைப் புரவலர் என்றும், அதனுள் அமைந்த மெய்நிகர் இயந்திரத்தில் இயங்குவதை விருந்தினர் என்றும் இங்கு அழைப்போம். எமது எடுத்துக்காட்டில் லினக்ஸ் புரவலர், விண்டோஸ் விருந்தினர்.

விருந்தினர் காணும் வன்பொருள் உண்மையான வன்பொருளன்று. அது காணும் வன்தட்டு புரவலரிடத்துள்ள ஒரு கோப்பு. வலையமைப்பு அட்டை ஒரு போலி. இவற்றைப் போலியாக்க இயலுவது இவற்றின் நடத்தை வெளிப்படையாக அறியப்பட்டிருப்பதனாலாகும். வருடியை அவ்வாறு போலியாக்க முடியாது. அதன் மொழி நிறுவனத்தின் இரகசியம். மேலும் எமக்கு வேண்டியது உண்மையான கண்ணாடியில் உண்மையாகவே வைக்கப்பட்ட தாளின் படிமம். ஆகவே எஞ்சுவது ஒரே வழி: விருந்தினர் அனுப்பும் செய்தியைப் பொருள் ஆராயாது அப்படியே கருவிக்குக் கடத்துதலும், கருவியின் மறுமொழியை அப்படியே திருப்பிக் கொடுத்தலும். கடிதத்தைப் பிரித்துப் பாராது கொண்டுசேர்க்கும் தபாற்காரரின் பணியையே புரவலர் இங்கு செய்கிறது. இது எவ்வாறு சாத்தியமாகிறது என்பதற்கு யூ.எஸ்.பி.யின் இயல்பை அறிதல் வேண்டும்.

4. யூ.எஸ்.பி.யின் இயல்பு

1996 ஜனவரியில் யூ.எஸ்.பி. நியமத்தின் முதற் பதிப்பு வெளியானது. 2000 இல் வந்த 2.0 பதிப்பு செக்கனுக்கு 480 மெகாபிற்று வேகத்தையும், 2008 இல் வந்த 3.0 பதிப்பு 5 கிகாபிற்று வேகத்தையும் வகுத்தன. வேகம் மாறினும் அடிப்படை ஒழுங்கு மாறவில்லை. உரையாடலைத் தொடங்குவது எப்போதும் கணினியே. பல்கலைக்கழக நேர்முகத் தேர்வில் அமர்ந்த மாணவர் போல, கேட்டால் மட்டுமே கருவி பேசும்.

கருவி செருகப்பட்டதும் அதற்குப் பூச்சியம் என்னும் தற்காலிக முகவரியே உண்டு. கணினி அதற்கு 1 முதல் 127 வரையான எண்களுள் ஒன்றை முகவரியாக வழங்கி, 'நீ யார்?' என வினவுகிறது. கருவி தன் விவரணத்தைத் தருகிறது. அதில் இரண்டு எண்கள் எமக்கு முக்கியமானவை: உற்பத்தியாளர் எண், உற்பத்திப்பொருள் எண். இவ்விரண்டும் கருவியின் அடையாள அட்டை எனலாம். லினக்ஸில் 'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' எனப்படும் கட்டளையை இட்டால், பொருத்தப்பட்டுள்ள கருவிகள் யாவற்றினதும் முகவரிகளும் அடையாள எண்களும் வரிவரியாகத் தோன்றும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். முகவரி நிலையற்றது, கழற்றிச் செருகும்தோறும் மாறும். அடையாள எண்கள் பொதுவாக நிலையானவை. ஆகவே விருந்தினருக்கு ஒப்படைக்கும்போது முகவரியைக் குறிப்பிடாது அடையாளத்தைக் குறிப்பிடுதலே சிறந்தது. ஒரே மாதிரியான இரு கருவிகள் ஒருங்கே பொருத்தப்பட்டிருப்பின் மாத்திரம் முகவரி தேவைப்படும்.

அடையாளம் தெரிந்தவுடன் லினக்ஸ் கேர்ணல் தன்னிடமுள்ள செலுத்திகளுட் பொருந்துவதைக் கருவியோடு பிணைத்துவிடுகிறது. நினைவகக் குச்சியைச் சேமிப்பகச் செலுத்தி பற்றிக்கொள்கிறது. அச்சுப்பொறியை அச்சுச் செலுத்தி பற்றிக்கொள்கிறது. வருடிக்குப் பெரும்பாலும் கேர்ணலிற் செலுத்தி இல்லையெனினும், புரவலரில் திறந்து கிடக்கும் வருடல் மென்பொருள் அதனைப் பற்றியிருக்கக்கூடும். விருந்தினர் கண்விழிக்குமுன்பே கருவி ஒருவர் கையிற் போய்விடுகிறது என்பதே இதன் பொருள்.

5. ஒப்படைப்பின் நான்கு வாயில்கள்

கருவி விருந்தினரைச் சென்றடைய நான்கு வாயில்களைக் கடக்க வேண்டும். எங்கே தடைப்பட்டது என அறிந்தாற் பரிகாரமும் தெரியும்.

முதலாவது, விடுவிப்பு. புரவலரின் செலுத்தியோ மென்பொருளோ கருவியைக் கைவிட வேண்டும். செலுத்தியைக் கழற்றும் வேலையை மெய்நிகராக்க மென்பொருள் தானே செய்துவிடும். ஆயினும் நினைவகக் குச்சியைப் புரவலரில் முறைப்படி அகற்றாது விருந்தினருக்குக் கொடுத்தல் ஆகாது. எழுதி முடியாத கோப்புகள் சிதைவுறக்கூடும். படிமங்களைக் குச்சியிற் சேமிப்போர் இதனைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, அனுமதி. லினக்ஸில் ஒவ்வொரு யூ.எஸ்.பி. கருவியும் ஒரு கோப்பாகத் தோன்றும்; பொதுவாக அதனைத் திறந்து எழுதும் உரிமை சாதாரணப் பயனாளருக்கு இல்லை. வேர்ச்சுவல்பொக்ஸில் இவ்வுரிமையைப் பெறப் பயனாளரை 'வீபொக்ஸ்யூசர்ஸ்' என்னும் குழுவிற் சேர்த்தல் வேண்டும். சேர்த்தபின் அமர்விலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தாலன்றி அது நடைமுறைக்கு வாராது. கருவிப் பட்டியல் வெறுமையாகத் தோன்றுவதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. கே.வி.எம்.மை 'லிப்வேர்ட்' வழியாக முறைமை மட்டத்திற் பயன்படுத்துவோருக்கு இவ்வனுமதியை அம்மென்பொருளே ஒழுங்கு செய்கிறது.

மூன்றாவது, கட்டுப்படுத்தி. விருந்தினருக்கென ஒரு மெய்நிகர் யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி வேண்டும், அதனை விருந்தினரும் அறிந்திருத்தல் வேண்டும். புதியதே சிறந்தது எனக் கருதி 3.0 கட்டுப்படுத்தியைத் தெரிவோர் விண்டோஸ் 7 விருந்தினரில் ஏமாற்றமடைவர். அம்முறைமை 3.0 கட்டுப்படுத்திக்கான செலுத்தியைத் தன்னகத்தே கொண்டிராமையே காரணம். 2.0 ஐத் தெரிந்தாற் சிக்கல் தீரும். வேர்ச்சுவல்பொக்ஸில் முன்னர் 2.0, 3.0 கட்டுப்படுத்திகளுக்கு விரிவாக்கப் பொதி ஒன்றைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. 2022 இல் வெளியான 7.0 பதிப்பு முதல் அவை அடிப்படைப் பொதியிலேயே அடங்கியுள்ளன.

நான்காவது, விருந்தினரின் செலுத்தி. கருவி விருந்தினரைச் சேர்ந்தபின், உண்மையான விண்டோஸ் கணினியிற் செய்வது போலவே நிறுவனத்தின் செலுத்தியை அங்கு நிறுவ வேண்டும். விண்டோஸின் கருவிப் பட்டியலிற் பெயர் தெரியாத கருவி என மஞ்சட் குறியோடு தோன்றினும் மனந்தளர வேண்டியதில்லை. முன்னைய மூன்று வாயில்களும் திறந்துவிட்டன என்பதற்கு அதுவே சான்று.

கருவியை ஒவ்வொரு முறையும் கையால் ஒப்படைப்பதைத் தவிர்க்க, வேர்ச்சுவல்பொக்ஸில் 'வடிகட்டி' அமைக்கலாம். வடிகட்டியோடு பொருந்தும் கருவி செருகப்பட்டதும் இயங்கிக்கொண்டிருக்கும் விருந்தினரிடம் தானே செல்லும். 'வேர்ட்-மனேஜர்' வழியாகக் கே.வி.எம். பயன்படுத்துவோர், விருந்தினரின் வன்பொருட் பட்டியலிற் புரவலரின் யூ.எஸ்.பி. கருவியைச் சேர்க்கலாம். அவ்வாறு சேர்த்த கருவி செருகப்படாத வேளையில், அது கட்டாயமன்று என அமைப்பிற் குறிப்பிட்டிருந்தாலன்றி, விருந்தினர் தொடங்க மறுக்கும்.

6. இடைவழியில் மறையும் கருவி

எமது வருடி நான்கு வாயில்களையும் கடந்தது. விண்டோஸ் அதனை அறிந்தது, செலுத்தியும் நிறுவப்பட்டது. ஆயினும் வருடல் தொடங்கிய கணத்திற் கருவி மறைந்தது. வடத்தை மாற்றினோம், துளையை மாற்றினோம், பயனில்லை. பின்னர், 'டி-மெசெஜ்' என வழங்கும் கேர்ணற் குறிப்பேட்டைப் படித்தபோது உண்மை தெரிந்தது. கருவி கழன்று, வேறோர் உற்பத்திப்பொருள் எண்ணோடு மீண்டும் இணைந்திருந்தது.

சில வருடிகள் தமது உள் மென்பொருளை நிலையாக வைத்திருப்பதில்லை. மின் பெற்றதும் ஒரு தொடக்க அடையாளத்தோடு தோன்றிச் செலுத்தியிடமிருந்து அம்மென்பொருளைப் பெற்று, பின்னர் தாமே கழன்று புதிய அடையாளத்தோடு மறுபிறப்பெடுக்கின்றன. எமது வடிகட்டியோ முதற்பிறப்பின் எண்ணை மட்டுமே அறிந்திருந்தது. மறுபிறப்பெடுத்த கருவி விருந்தினருக்குச் செல்லாது புரவலரிடமே தங்கிவிட்டது. வடிகட்டியில் உற்பத்திப்பொருள் எண்ணை நீக்கி உற்பத்தியாளர் எண்ணை மட்டும் விட்டதும் வருடி இயங்கத் தொடங்கியது. ஈரம்பட்டு மையூறிய காணி அனுமதிப்பத்திரம் ஒன்றே அன்று முதன்முதல் வருடப்பட்டது.

கருவி மறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு. மடிக்கணினிகளில் நிறுவப்படும் மின்சேமிப்பு மென்பொருள்கள் சற்று வாளாவிருக்கும் யூ.எஸ்.பி. கருவியை உறங்கச் செய்துவிடும். அக்கருவிக்கு மட்டும் அதனைத் தவிர்க்கும்படி அமைத்தல் வேண்டும். மின் பற்றாக்குறை மற்றொன்று. 2.0 துளை ஒன்று வழங்கவேண்டிய உயர்ந்தபட்ச மின்னோட்டம் 500 மில்லியம்பியர், 3.0 துளைக்கு 900. தனி மின்வழங்கல் அற்ற வருடி ஒன்றைப் பழைய கணினியில் நீண்ட வடத்தோடு பொருத்தினால், விளக்கு எரியும் கணத்தில் அது விழுந்துவிடும். தன் சொந்த மின்வழங்கலுடைய இணைப்புமையம் ஒன்று இக்குறையைத் தீர்க்கும்.

'ஒருவேளையில் ஒருவருக்கே' என்னும் விதி யூ.எஸ்.பி.யோடு நின்றுவிடுவதில்லை என்பதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. லினக்ஸ் கேர்ணலின் 6.12 முதலான சில பதிப்புகளில், கே.வி.எம். ஏற்றப்பட்டவுடனேயே செயலியின் மெய்நிகராக்க வசதியைத் தன்வசமாக்கிக்கொள்வதால் வேர்ச்சுவல்பொக்ஸ் இயங்க மறுக்கக்கூடும். இரண்டில் ஒன்றைத் தெரிந்து மற்றதை விலக்குதலே தெளிவான வழி.

7. ஏனைய வழிகள்

வருடி, அச்சுப்பொறி, நினைவகக் குச்சி போன்றவை செய்தி சற்றுத் தாமதித்தாலும் பொறுத்துக்கொள்பவை. நிகழ்படக் கருவியும் ஒலிக்கருவியும் அத்தகையனவல்ல. குறித்த நேரத்தில் வந்து சேராத தரவு அவற்றுக்கு இழப்பே. அவை விருந்தினரில் இடறுமாயின், யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தி முழுவதையுமே விருந்தினருக்கு ஒப்படைக்கலாம். இதற்குச் செயலியிலும் தாய்ப்பலகையிலும் உரிய வசதி வேண்டும். ஒப்படைத்த கட்டுப்படுத்தியின் துளைகள் யாவும் புரவலருக்கு இல்லாது போகும். கருவி ஒரு கணினியிலும் விருந்தினர் வேறொரு கணினியிலும் இருப்பின், லினக்ஸ் கேர்ணலின் பகுதியாகவே உள்ள 'யூ.எஸ்.பி./ஐ.பி.' என்னும் வசதி, யூ.எஸ்.பி. செய்திகளை வலையமைப்பினூடாகக் கடத்தும்.

8. ஆவணங்களின் பாதுகாப்பு

விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரிலிலும், விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 ஒக்ரோபரிலும் உற்பத்தி நிறுவனத்தின் பொதுவான ஆதரவு முடிவுற்றது. பாதுகாப்புத் திருத்தம் பெறாத முறைமையில் ஏழை மக்களின் அடையாள ஆவணங்களையும் காணிப் பத்திரங்களையும் வைத்து அதனை இணையத்தோடு இணைப்பது பொறுப்பற்ற செயலாகும். மெய்நிகர் இயந்திரத்தின் சிறப்பு இங்கேதான் வெளிப்படுகிறது. விருந்தினரின் வலையமைப்பு அட்டையை முற்றாக நீக்கிவிடலாம். வருடிக்கு வலையமைப்பு வேண்டியதில்லை. வருடிய படிமங்களைப் பகிர்வுக் கோப்புறை வழியாகப் புரவலர் பெற்று, அங்கிருந்து பேணலாம். விருந்தினரின் நல்ல நிலையை ஒருமுறை பதிந்துவைத்தால், பழுதுறும்போது அந்நிலைக்கே மீளலாம். விருந்தினராக நிறுவும் விண்டோஸுக்கும் முறையான உரிமம் வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

9. முடிவுரை

மெய்நிகர் இயந்திரம் ஒரு தற்காலிகப் புகலிடமே. பழைய விண்டோஸும் பழைய செலுத்தியும் என்றென்றும் இயங்கும் எனக் கொள்ளல் இயலாது. ஆயினும் அப்புகலிடத்திலிருந்து விடுதலைக்கு ஒரு வழியும் உண்டு. விருந்தினர் கருவிக்கு அனுப்பும் ஒவ்வொரு செய்தியும் லினக்ஸ் புரவலரைக் கடந்தே செல்கிறது என்றோம். கடிதத்தைப் பிரித்துப் பாராத தபாற்காரர், வேண்டுமாயின் அதனைப் படியெடுத்தும் வைக்கலாம். கேர்ணலின் 'யூ.எஸ்.பி.மொன்' வசதி கொண்டு இச்செய்திகளைப் பதிந்து, 'வயர்ஷார்க்' என்னும் கட்டற்ற மென்பொருளில் ஆராயலாம். எந்தக் கட்டளைக்கு விளக்கு எரிகிறது, எதற்குத் தலை நகர்கிறது, எதற்குப் படிமம் வருகிறது எனப் படிப்படியாக அறிந்தால், நிறுவனம் மறைத்த மொழி வெளிப்படும். சேன் தொகுதியிலுள்ள செலுத்திகளுட் பல இவ்வாறான உற்றுநோக்கலினாலேயே எழுதப்பட்டன.

1997 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்து 2021 ஓகஸ்டிற் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரில் அமைந்துள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், தொழினுட்பப் பீடங்களும் வன்னி மண்ணிலேயே கணினி கற்ற இளைஞரை உருவாக்குகின்றன. கைவிடப்பட்ட ஒரு வருடிக்குக் கட்டற்ற செலுத்தி எழுதுதல் இறுதியாண்டு மாணவர் ஒருவரின் ஆய்வுத்திட்டத்துக்குத் தகுதியான பொருள். அத்தகைய ஒரு செலுத்தி எழுதப்பட்டுச் சேன் தொகுதியில் இணைக்கப்படுமாயின், அதே வருடியை வைத்திருக்கும் முல்லைத்தீவுப் பாடசாலையும் வேற்றுநாட்டு நூலகமும் ஒருங்கே பயன்பெறும். விருந்தினரின் உதவியும் அன்றோடு தேவையற்றதாகிவிடும். தாள்கள் காத்திருக்கமாட்டா, ஆதலால் இன்று மெய்நிகர் இயந்திரத்தைக் கொண்டு அவற்றை வருடுவோம். அதே வேளையில் அச்செய்திகளைப் பதிந்தும் வைப்போம்.